அப்பாவின் மாத்திரையை எண்ணிப் பார்த்த நாள்

வழக்கம்போல இது எபிசோடில் நான் பேசினதைக் கொஞ்சம் சுருக்கி, திக்கல் திணறலை எல்லாம் எடுத்துட்டுப் போட்ட எழுத்து வடிவம். கேட்க நேரம் இல்லாதவங்க படிச்சுக்கலாம்.

இந்த வாரம் கோடிங், இன்டர்வியூ, ஆபீஸ் கதை எதுவும் இல்லை. ஒரு மாத்திரையைப் பற்றிப் பேசப் போறேன். ஏன்னா கொஞ்ச நாள் முன்னாடி, ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், மயிலத்துல எங்க வீட்டுக் கூடத்துல பேப்பரை விரிச்சு அப்பாவோட கேன்சர் மாத்திரையை எண்ணினேன். 36 இருக்க வேண்டிய இடத்துல 66 இருந்தது. மாத்திரை குறைஞ்சிருந்தாலாவது கீழ கொட்டிடுச்சுன்னு நினைக்கலாம். அதிகமா இருந்தா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

அந்த 66-க்கு அப்புறம் வர்றேன். முதல்ல கதை எங்க ஆரம்பிச்சதுன்னு சொல்லிடறேன். ஒண்ணு மட்டும்: நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். இதுல இருக்கிற மருந்து விஷயம் எல்லாம் எங்க டாக்டரும் மருந்தாளுநரும் சொன்னது, மருந்து டப்பாவுக்குள்ள வர்ற தாள்ல நான் படிச்சது. உங்க வீட்டுல இந்த மருந்து இருந்தா, உங்க டாக்டர் சொல்றதுதான் கடைசி வார்த்தை.

முள்ளுன்னு நினைச்சது

அப்பாவுக்கு 61 வயசு. மல்லாட்டை, நெல்லு, கொஞ்சம் சவுக்குன்னு விவசாயம். சென்னையிலேர்ந்து வர்றவங்க கூட்டேரிப்பட்டுல இறங்கி எங்க ஊருக்கு வரணும். மலை மேல முருகன் கோயில், பங்குனி உத்திரம்னா ஊரே நிறைஞ்சு வழியும். அப்பா கொல்லைக்கும் வெறுங்கால், கோயிலுக்கும் வெறுங்கால். அதனால வலது பாதத்துல குதிகால் பக்கம் கருப்பா ஒரு புள்ளி வந்தப்போ, முள்ளு உள்ள உடைஞ்சு நின்னுடுச்சுன்னு யாருமே யோசிக்காம முடிவு பண்ணிட்டோம். அவரே பிளேடால கீறிப் பார்த்தார். புண்ணாச்சு. ஆறலை. சர்க்கரை வேற இருக்கு. அதனால பக்கத்துல ஒரு கிளினிக்ல சர்க்கரைப் புண்ணுன்னு மாசக்கணக்குல கட்டு மாத்திட்டே இருந்தாங்க. புண்ணைச் சுத்தி கருப்பு பரவிக்கிட்டே இருந்ததை யாரும் கவனிக்கலை. நானும்தான். மாசத்துக்கு ஒருதடவை ஊருக்குப் போற பையன், அப்பாவோட உள்ளங்காலை எங்க பார்க்கப் போறேன்?

கடைசியில திண்டிவனத்துல ஒரு டாக்டர்தான் பார்த்த உடனே கட்டைப் பிரிச்சு வெச்சுட்டு, "இதைக் கீறாதீங்க, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பணும்"னு சொன்னார். ரிசல்ட்: மெலனோமா. தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்லுல வர்ற கேன்சர்.

நான் கூகுள் பண்ணினா வெயில், வெள்ளைத் தோல், கடற்கரை, சன்ஸ்க்ரீன்னு வருது. நமக்கு எப்படி வரும்? வரும். நம்ம ஊர்ல மெலனோமா அரிதுதான். ஆனா நம்ம மாதிரி நிறம் இருக்கிறவங்களுக்கு அது வரும்போது உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில்னு வர்றது அதிகம். அதுக்கு வெயில் காரணமே இல்லை. பாப் மார்லி தெரியும்ல? 1977-ல அவரோட கால் கட்டைவிரல் நகத்துக்குக் கீழே கண்டுபிடிச்சது இந்த வகைதான். ஃபுட்பால் ஆடறப்போ பட்ட அடின்னு நினைச்சிருந்தாங்க. 1981 மே மாசம் இறந்தப்போ அவருக்கு வயசு 36.

அப்பாவுக்குக் கண்டுபிடிக்கும்போதே இடுப்பு மடிப்புல நெறி கட்டியிருந்தது. ஸ்கேன்ல நுரையீரல்லயும் புள்ளிகள். நாலாவது கட்டம்.

ரெண்டு வாரம் சும்மா இருக்கச் சொன்னாங்க

அப்புறம் புதுச்சேரியில ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அங்க கேன்சர் டாக்டர், நாங்க டாக்டரம்மான்னு சொல்றவங்க, முதல்ல செஞ்சது எங்களைக் காத்திருக்க வெச்சதுதான். ஜீன் டெஸ்ட் ரிசல்ட் வர வரைக்கும் மாத்திரை எழுத மாட்டேன்னுட்டாங்க. எனக்குக் கோபம். நோய் பரவிட்டே இருக்கு, இவங்க ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காங்களேன்னு.

இப்போ புரியுது. நம்ம செல்லுக்குள்ள "பிரிஞ்சு பெருகு"ன்னு சிக்னல் கடத்துற ஒரு புரதம் இருக்கு, பேரு பிராஃப். சாதாரணமா அது தேவைப்படும்போது ஆன் ஆகும், வேலை முடிஞ்சா ஆஃப் ஆகும். சில கேன்சர்ல அந்தப் புரதத்தோட 600-வது இடத்துல ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிடுது. அவ்வளவுதான், ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்குது. இதைக் கண்டுபிடிச்சது 2002-ல. நம்ம வேலையில ஒரு எழுத்து மாறினதால சர்வரே நிக்காம ஓடின கதை எத்தனை பார்த்திருக்கோம்.

டாப்ராஃபெனிப் அப்படிங்கிற மருந்து அந்த மாட்டிக்கிட்ட ஸ்விட்சைப் பிடிக்கிறது. டிராமெட்டினிப்னு இன்னொண்ணு, அதே சிக்னல் வழியில அடுத்த படியில இருக்கிற மெக் புரதத்தைப் பிடிக்கிறது. ரெண்டையும் சேர்த்துக் கொடுத்தா கேன்சர் சுத்துவழி கண்டுபிடிக்கறதுக்கு நாளாகும்.

ஆனா இந்த மாற்றம் இல்லாத செல்லுல பிராஃப் மருந்து எதிர் வேலை செய்யும். சிக்னலை அடக்கறதுக்குப் பதிலா தூண்டி விட்டுடும். அதாவது டெஸ்ட் பண்ணாம கொடுத்தா கேன்சருக்கே உரம் போட்ட மாதிரி ஆகலாம். பாதத்துல வர்ற மெலனோமாவுல இந்த பிராஃப் மாற்றம் சின்னப் பங்கு பேருக்குத்தான் இருக்கும். வேற சிலருக்கு கிட்னு ஒரு ஜீன்ல மாற்றம் இருக்கும், அவங்களுக்கு இமாட்டினிப்னு வேற மாத்திரை சிலசமயம் பயன்படும். எந்த மாற்றமும் இல்லாதவங்களுக்கு நோய் எதிர்ப்பு சக்தியைத் தூண்டுற ஊசி மருந்து. "அவருக்கு இந்த மாத்திரை நல்லா கேட்டுச்சாம், நமக்கும் வாங்கலாம்"னு ஒருத்தர் மிச்சத்தை இன்னொருத்தர் போடற விஷயமே இதுல கிடையாது. அந்த ரெண்டு வாரம் வீண் போகலை.

அப்பாவுக்கு பிராஃப் பாசிட்டிவ். மாத்திரை எழுதினாங்க.

நர்ஸ் இல்லாத கீமோ

ஊசி மருந்துன்னா ஆஸ்பத்திரியில படுக்க வெச்சு, நர்ஸ் வந்து, டைம் பார்த்து ஏத்துவாங்க. மாத்திரைன்னா டப்பாவைக் கையில கொடுத்து அனுப்பிடறாங்க. மயிலத்துல அந்த நர்ஸ் வேலையை யார் பார்க்கறது? அம்மாவும், போன்ல நானும். அதை நாங்க முதல்ல உணரவே இல்லை. "ஊசி இல்ல, மாத்திரைதான்"னு சந்தோஷப்பட்டோம்.

கணக்கு இதுதான். டாப்ராஃபெனிப் ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 75 மில்லிகிராம் காப்ஸ்யூல் ரெண்டு, 12 மணி நேர இடைவெளியில ஒரு நாளைக்கு ரெண்டு வேளை. டிராமெட்டினிப் 2 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, காலையில. ரெண்டுமே வெறும் வயித்துல. சாப்பிடறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி, இல்லைன்னா சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு.

வெறும் வயிறுங்கிறது சும்மா சொல்றது இல்லை. கொழுப்பு நிறைஞ்ச சாப்பாட்டோட போட்டா டாப்ராஃபெனிப் உடம்புல சேர்றது 31 சதவீதம் குறையுதுன்னு அளந்து பார்த்திருக்காங்க. நாலு காப்ஸ்யூல்ல ஒண்ணுக்கு மேல தூக்கிப் போட்ட மாதிரி.

அப்பா நாலரைக்கு எழுந்திருப்பார். அஞ்சு மணிக்குப் பால் காபி. சாயங்காலம் நாலு மணிக்கு டீ, கூட வடை. எந்த டைம் வெச்சாலும் எதோ ஒண்ணு இடிச்சுது. கடைசியில அம்மாதான் வழி சொன்னாங்க: "எழுந்ததும் அஞ்சு மணிக்கு மாத்திரை. காபி ஆறு மணிக்குத்தான். சாயங்காலமும் அப்படியே. டீ ஆறு மணிக்கு." கிருத்திகை விரதம் இருக்கிற மனுஷனுக்கு ஒரு மணி நேரம் காபி தள்ளிப் போறது பெரிய விஷயமான்னு கேட்டாங்க. அப்பா வாயே திறக்கலை.

மறந்துட்டா? அதுக்கும் விதி இருக்கு. டாப்ராஃபெனிப் அடுத்த வேளைக்கு 6 மணி நேரத்துக்கும் குறைவா இருந்தா, விட்டதை விட்டுடணும். எங்க கணக்குல காலை வேளையை 11 மணிக்குள்ள ஞாபகம் வந்தா போடலாம், அதுவும் வயிறு காலியா இருந்தா. டிராமெட்டினிப்புக்கு அந்த எல்லை 12 மணி நேரம். விட்டதைச் சேர்த்து டபுளா போடவே கூடாது. போட்டு வாந்தி எடுத்தாலும் திருப்பிப் போடக் கூடாது, அடுத்த வேளைதான். இதை ஒரு அட்டையில எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டினேன்.

ஃபிரிட்ஜுன்னு சொன்னதும் என் தப்பு ஒண்ணு ஞாபகம் வருது. ஆன்லைன்ல அழகா ஒரு மாத்திரைப் பெட்டி வாங்கினேன். திங்கள், செவ்வாய்னு கட்டம் கட்டமா இருக்கும்ல, அது. ஒரு வாரத்துக்கு எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுட்டு, ஏதோ பெரிய சிஸ்டம் டிசைன் பண்ணின மாதிரி போட்டோ எடுத்து டாக்டரம்மாவோட மருந்தாளுநருக்கு அனுப்பினேன். அவர் உடனே கூப்பிட்டார். டிராமெட்டினிப் ஈரம் பட்டாலும் வெளிச்சம் பட்டாலும் கெட்டுப் போகும். அது வந்த பாட்டில்லயே, உள்ள இருக்கிற ஈரம் உறிஞ்சும் சின்ன டப்பியோடயே, 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். ஃப்ரீசர்ல வைக்கக் கூடாது. அப்பா அந்த டப்பியை "இது என்னாத்துக்கு"ன்னு ஏற்கெனவே எடுத்துத் தூக்கிப் போட்டிருந்தார். குப்பையில தேடி எடுத்து அவர்கிட்ட காட்டினப்போ, அதைத் திரும்பப் போட்டுப் பிரயோஜனம் இல்லைன்னு சொல்லி, பாட்டிலோட வரச் சொல்லிட்டார். வேலையைச் சுலபமாக்கறேன்னு டாக்குமெண்டைப் படிக்காம செஞ்ச வேலை. நம்ம தொழில் வியாதி.

காய்ச்சல் வந்த மூணு நாள்

ரெண்டாவது மாசம். மழைக்காலம். ஒரு ராத்திரி அப்பாவுக்குக் குளிர் நடுக்கம், 102 டிகிரி. தெருவுல நாலு வீட்டுல காய்ச்சல் இருந்ததால இதுவும் அதுதான்னு நினைச்சோம். மெடிக்கல்ல பாராசிட்டமால் வாங்கினாங்க. அம்மா போன்ல கேட்டாங்க: "தம்பி, கேன்சர் மாத்திரையை நிறுத்தட்டுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதை நிறுத்தினாலும் அதை மட்டும் நிறுத்தாதம்மா."

ரெண்டு நாள் காய்ச்சலோடயே போட்டார். மூணாவது நாள் எழுந்து நிக்க முடியலை. பிரஷர் இறங்கி, உடம்புல தண்ணி வத்தி, ஆம்புலன்ஸ்ல புதுச்சேரி.

அட்மிட் பண்ணி டாக்டரம்மா சொன்னது: இந்த ரெண்டு மருந்தும் சேர்த்துப் போடறவங்கள்ல பாதிக்கும் மேற்பட்டவங்களுக்குக் காய்ச்சல் வரும். மருந்தாலயே வர்ற காய்ச்சல். 38 டிகிரி, அதாவது தெர்மாமீட்டர்ல 100.4 தொட்ட உடனே ரெண்டு மருந்தையும் நிறுத்தணும், அவங்களுக்குப் போன் பண்ணணும். தொற்று இருக்கான்னு பார்ப்பாங்க. நம்ம ஊர்ல டெங்குவும் பார்க்கணும், எலிக்காய்ச்சலும் பார்க்கணும். காய்ச்சல் விட்டு 24 மணி நேரம் ஆன பிறகு, அவங்க சொன்னா, திரும்ப ஆரம்பிக்கணும். சீக்கிரம் நிறுத்தினா சீக்கிரம் விடும். பிடிவாதமா போட்டா எங்க அப்பா மாதிரி ஆம்புலன்ஸ்.

இதை முதல் நாளே சொல்லியிருந்தாங்களாம். அம்மாவுக்கும் ஞாபகம் இருந்திருக்கு. அதனாலதான் கேட்டிருக்காங்க. படிச்ச பையன் நிறுத்தாதேன்னு சொன்னதால விட்டுட்டாங்க. இதை நான் எடிட் பண்ணித் தூக்கியிருக்கலாம். தூக்கலை.

அப்போ வேற எதுக்கெல்லாம் உடனே போன் பண்ணணும்னு கேட்டு எழுதிக்கிட்டேன். கண்ணு மங்கினா, வெளிச்சத்தைச் சுத்தி வளையம் தெரிஞ்சா, கலர் புள்ளி தெரிஞ்சா அன்னைக்கே. மூச்சு வாங்கினா, கால் வீங்கினா, ஏன்னா இந்த மருந்து இதயத்தோட பம்ப் பண்ற சக்தியைக் குறைக்கலாம். அதுக்காகத்தான் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு எக்கோ, ஒரு மாசத்துல ஒண்ணு, அப்புறம் ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருதடவை. கருப்பா மலம் போனா, இருமல்ல ரத்தம் வந்தா, தாங்க முடியாத தலைவலி வந்தா உடனே. தோல்ல புதுசா மரு மாதிரி, ஆறாத புண்ணு மாதிரி எது வந்தாலும் காட்டணும். டாப்ராஃபெனிப் சர்க்கரையை ஏத்தும். அதனால அப்பாவுக்கு சர்க்கரை டெஸ்ட் இப்போ அடிக்கடி.

மத்த மாத்திரையும், கீழாநெல்லிப் பொடியும்

அப்பாவோட பையில சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, சொந்தக்காரர் ஒருத்தர் கொடுத்த கீழாநெல்லிப் பொடி எல்லாம் இருந்தது. அதை அப்படியே கொண்டு போய் டாக்டரம்மா மேஜையில கொட்டினோம். மருந்துச் சீட்டைக் காட்டறதை விட இதுதான் நல்லது, ஏன்னா சீட்டுல இல்லாததுதான் பையில இருக்கும்.

டாப்ராஃபெனிப்பை உடைக்கிறது கல்லீரல்ல இருக்கிற சில என்சைம். கிளாரித்ரோமைசின்னு ஒரு ஆன்டிபயாடிக், கீட்டோகோனசோல்னு பூஞ்சைக்கான மாத்திரை மாதிரி சில மருந்துகள் அந்த என்சைமைத் தடுக்கும். அப்போ கேன்சர் மருந்து உடம்புல அளவுக்கு மேல ஏறும். டிபிக்குக் கொடுக்கிற ரிஃபாம்பிசின், வலிப்புக்குக் கொடுக்கிற ஃபெனிட்டாயின், கார்பமாசிபைன் எல்லாம் அதுக்கு நேர் எதிர், மருந்தைச் சீக்கிரம் கரைச்சுடும். அதே சமயம் டாப்ராஃபெனிப்பும் மத்த மருந்துகளைப் பலவீனப்படுத்தும். ரத்தம் உறையாம இருக்கப் போடற வார்ஃபரின், கருத்தடை மாத்திரை ரெண்டும் அதுல சேரும். கேட்கிறவங்கள்ல இந்த மருந்து எடுக்கிற இளம் வயசுப் பெண்கள் இருந்தா இதை டாக்டர்கிட்ட கட்டாயம் பேசுங்க, கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பாதீங்க. இந்த மருந்து கருவைப் பாதிக்கக் கூடியது. ஆம்பளைங்களுக்கும் ஆணுறை போடச் சொல்லித்தான் அறிவுரை இருக்கு.

கீழாநெல்லியைப் பற்றி டாக்டரம்மா திட்டலை. "ஐயா, ரெண்டையும் ஒண்ணா எடுத்து நாளைக்குக் கல்லீரல் ரிப்போர்ட் மாறினா, எதனாலன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"ன்னு கேட்டாங்க. ஒரே நேரத்துல ரெண்டு மாற்றம் பண்ணிட்டு பக் எங்கேர்ந்து வந்ததுன்னு தேடின எவனுக்கும் இது புரியும். அப்பா பொடியை அம்மாகிட்ட கொடுத்துட்டார்.

அந்த 66

ரெண்டாவது மாசக் கடைசியில ஸ்கேன் நல்லா வந்தது. நுரையீரல் புள்ளிகள் சின்னதா ஆகியிருந்தது, நெறியும் சுருங்கியிருந்தது. வீட்டுல பாயசம் வெச்சாங்க. நான் சென்னைக்கு வந்துட்டேன். தினமும் போன்ல "மாத்திரை போட்டாச்சா?" "போட்டாச்சு." அவ்வளவுதான் என் கண்காணிப்பு.

மூணாவது பாட்டில் ஆரம்பிச்சு 21 நாள் முடிஞ்சப்போ ஊருக்குப் போனேன். அடுத்த மாசத்துக்கு எப்போ வாங்கணும்னு பார்க்கத்தான் எண்ணினேன். 120 காப்ஸ்யூல், நாளைக்கு 4, 21 நாளைக்கு 84 போயிருக்கணும், மிச்சம் 36. ரெண்டு தடவை எண்ணினேன். 66. டிராமெட்டினிப் மட்டும் சரியா 9 இருந்தது.

அப்பா திண்ணையிலேர்ந்து பார்த்துட்டே இருந்தார். "இன்னாடா கணக்கு எடுக்கிற?"

"சாயங்கால வேளை எத்தினி நாளா போடலை?"

கொஞ்ச நேரம் கழிச்சு சொன்னார்: "பதினஞ்சு நாளா."

சரியா 15. ஒரு நாளைக்கு ரெண்டு மிச்சம், 30 காப்ஸ்யூல். விவசாயி கணக்கு தப்பாது.

அவர் சொன்ன காரணத்தை அப்படியே சொல்றேன். "கட்டி சுருங்கிடுச்சு. காய்ச்சல்ல மூணு நாள் நிறுத்தினப்போ ஒண்ணும் ஆகலை. பாதி போட்டா ஒரு பாட்டிலு ரெண்டு மாசத்துக்கு வரும். உன் சம்பளம் முழுக்க இதுக்கே போவுது தம்பி. நீ எப்ப கல்யாணம் பண்ணி எப்ப வீடு கட்டுவ?"

மாச பில் என் சம்பளத்தைத் தாண்டும்னு நான் அவர்கிட்ட சொன்னதே இல்லை. பாட்டில் மேல இருக்கிற விலையை அவரே படிச்சிருக்கார்.

நான் கத்தினேன். அம்மா அழுதாங்க. அதை விடுங்க. மறுநாள் போனப்போ டாக்டரம்மா கத்தலை. ரெண்டு விஷயம் சொன்னாங்க. ஒண்ணு, மருந்து அளவைக் குறைக்கிறது தப்பே இல்லை, பக்கவிளைவு இருந்தா அவங்களே 150-லேர்ந்து 100-ஆகக் குறைப்பாங்க, காய்ச்சலுக்கு நிறுத்துவாங்க. ஆனா அது எதுக்கு, எத்தனை நாளுக்குன்னு அவங்களுக்குத் தெரியும். "நீங்க பாதி போட்டுட்டு முழுசுன்னு சொன்னா, அடுத்த ஸ்கேன்ல கட்டி வளர்ந்திருந்தா, மருந்து தோத்துடுச்சுன்னு நினைச்சு நான் மருந்தையே மாத்திடுவேன். நல்லா கேட்கிற மருந்தைத் தூக்கிப் போட்டுடுவேன் ஐயா." அப்பா முகம் மாறினது அப்போதான். உடம்பைப் பத்தின பயத்தால இல்ல. டாக்டரம்மாவை ஏமாத்திட்டோமேன்னு.

ரெண்டாவது, "பணம் பிரச்னைன்னா என்கிட்ட சொல்லுங்க. அதையும் பக்கவிளைவு மாதிரியே சொல்லுங்க."

இதை நான் உங்க எல்லாருக்கும் சொல்றேன். ஆஸ்பத்திரியில மருத்துவ சமூகப் பணியாளர்னு ஒருத்தர் இருப்பார். முதல் பாட்டில் வாங்கறதுக்கு முன்னாடியே அவரைப் பார்த்திருக்கணும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எது வரும், எது வராது, மருந்து கம்பெனியோட நோயாளி உதவித் திட்டம் இருக்கா, ஆபீஸ் இன்சூரன்ஸ்ல அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா, எல்லாத்தையும் அவர்தான் எங்களுக்கு வரிசைப்படுத்திக் கொடுத்தார். எங்களுக்கு உதவித் திட்டத்துல கொஞ்சம் குறைஞ்சது, ஆபீஸ் இன்சூரன்ஸ்ல கொஞ்சம் வந்தது. முழுசா இல்ல.

மாத்திரை விலை மனுஷனை என்ன பண்ணும்ங்கிறது நம்ம ஊருக்குப் புதுசும் இல்ல. முன்னாடி இமாட்டினிப்னு ஒரு மாத்திரை சொன்னேன்ல? முக்கியமா ரத்தப் புற்றுநோய்க்கான மருந்து. அதோட ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் கம்பெனி 1998-ல விண்ணப்பிச்சது சென்னை காப்புரிமை அலுவலகத்துலதான். 2006 ஜனவரியில அங்க நிராகரிச்சாங்க. 2007-ல சென்னை உயர் நீதிமன்றம், கடைசியா 2013 ஏப்ரல் 1-ம் தேதி உச்ச நீதிமன்றமும் கம்பெனி வாதத்தை ஏத்துக்கலை. அந்த மருந்து அப்போ கம்பெனி விலையில மாசத்துக்குச் சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாயா இருந்தது. இந்தியக் கம்பெனிகளோட அதே மருந்து அப்போ 8 முதல் 10 ஆயிரம். பழைய மருந்தைக் கொஞ்சம் மாத்தி, பலன் பெருசா கூடாம, புதுசுன்னு காப்புரிமை வாங்க முடியாதுங்கிறதுதான் அந்தத் தீர்ப்பு. எத்தனையோ வீட்டுல மாத்திரையைப் பாதியாக்குற யோசனை வராம இருக்க அது காரணம். எங்க மருந்து வேற, எங்க பில்லை அந்தத் தீர்ப்பு தொடலை. இருந்தாலும் அதைப் படிச்சப்போ, எங்க திண்ணையில நடந்த பேச்சுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு தோணுச்சு.

இப்போ

அந்த 15 நாள் என்ன பண்ணுச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அடுத்த ஸ்கேன்ல வளரலை, இன்னும் சுருங்கவும் இல்லை. இந்த ரெண்டு மருந்தையும் சேர்த்து எடுத்த 563 பேரை வெளிநாடுகள்ல தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒண்ணு 2019-ல வந்தது. அஞ்சு வருஷம் கழிச்சு 34 சதவீதம் பேர் உயிரோட இருந்தாங்க. கேன்சர் வளராமலே இருந்தவங்க 19 சதவீதம். பெரும்பாலானவங்களுக்கு ஒருநாள் கேன்சர் சுத்துவழி கண்டுபிடிச்சுடும். எங்களுக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும், அவரே கேட்டார், டாக்டரம்மா மறைக்காம சொன்னாங்க. மருந்து வேலை செய்யற காலத்துல அது முழுசா வேலை செய்யணும். எங்க கையில இருக்கிறது அது மட்டும்தான்.

நான் இதுக்கு ஒரு ஆப் எழுதலாம்னு ஆரம்பிச்சேன். அம்மா ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்கினாங்க. தேதி, காலை, மாலை, காய்ச்சல் டிகிரி, பிரஷர், சர்க்கரை, பாட்டில்ல மிச்சம் எத்தனை. டாக்டரம்மா ஒவ்வொரு தடவையும் ரிப்போர்ட்டுக்கு முன்னாடி அந்த நோட்டைத்தான் கேட்கிறாங்க. ஆப் பாதியிலயே நிக்குது. "மிச்சம்" கட்டத்தை இப்போ அப்பாவே எண்ணி எழுதறார். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எனக்கு ஸ்டாண்டப் மீட்டிங் இருக்கும்போது போன் ஒரு தடவை அடிச்சு நிக்கும். மிஸ்டு கால். போட்டாச்சுன்னு அர்த்தம்.

உங்களுக்கு ரெண்டு வேலை. இன்னைக்கு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி உங்க உள்ளங்காலைப் பாருங்க. விரலுக்கு நடுவுல, நகத்துக்கு அடியிலயும். ஊருக்குப் போனா அப்பா அம்மாவோட காலையும் பாருங்க. பரவுற கருப்புத் திட்டு, அகலமாகிட்டே போற கருப்புக் கோடு, ஆறாத புண்ணு இருந்தா கீறாதீங்க, தோல் டாக்டர்கிட்ட காட்டுங்க. அடுத்தது, வீட்டுல யாராவது பெரிய நோய்க்கு மாத்திரை எடுக்கறாங்கன்னா, "போட்டாச்சா"ன்னு போன்ல கேட்கிறதோட நிறுத்தாதீங்க. பக்கத்துல உட்கார்ந்து, அவங்களோட சேர்ந்து எண்ணுங்க. கணக்கு தப்பினா கத்தாதீங்க, ஏன்னு கேளுங்க. நான் கத்தினேன், அது எதுக்கும் உதவலை.

அடுத்த வாரம் வழக்கம்போல வேலைக் கதைகளோட வர்றேன். பார்ப்போம்.